யூதர்களுக்குச் சிலை ஏன் ஆகாது? அவர்கள் பயந்தது எதைப் பார்த்து?

கேள்வி இதுதான்: யூதர்கள் ஆதிமுதலே ஒரே கடவுளைத்தான் வணங்கினார்களா? சிலை என்றாலே அவர்களுக்கு ஏன் இவ்வளவு ஆகாது? கோயிலுக்குப் போய்ச் சாமி கும்பிடுகிற நம்மை அவர்களுடைய மதம் எப்படிப் பார்க்கிறது? மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதல் கேள்விக்குப் பதில், இல்லை. யூதர்களின் வேதமான எபிரேய வேதமே (கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்பது) அதை ஒளிக்கவில்லை. பத்துக் கட்டளைகளில் வரும் "என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்க வேண்டாம்" என்ற வரியை நிதானமாகப் படியுங்கள். வேறு தேவர்களே கிடையாது என்று அது சொல்லவில்லை. உனக்கு இருக்கக் கூடாது என்கிறது. எகிப்திலிருந்து தப்பிச் செங்கடலைக் கடந்ததும் அவர்கள் பாடுகிற பாட்டிலும், தேவர்களில் உமக்கு ஒப்பானவர் யார் என்று ஒரு வரி வருகிறது. நியாயாதிபதிகள் நூலில் யெப்தா என்ற தலைவன் அம்மோனியரின் ராஜாவுக்குத் தூது அனுப்பும்போது, உன் தெய்வமான காமோஸ் உனக்குக் கொடுத்ததை நீ வைத்துக்கொள், எங்கள் கடவுள் எங்களுக்குக் கொடுத்ததை நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்று சர்வசாதாரணமாகப் பேசுகிறான். அவரவருக்கு அவரவர் தெய்வம் என்ற உலகம் அது. அந்த உலகத்தில் இஸ்ரவேலரிடம், அதாவது யூதர்களின் முன்னோரிடம், கேட்கப்பட்டது, கொடுத்த வாக்குக்கு உண்மையாக இருப்பது. ஓசியா தீர்க்கதரிசி இதை அப்படியே கணவன் மனைவி பேச்சாகப் பேசுகிறார். வேறு தெய்வத்தைத் தேடிப் போவதை அவர் அறியாமை என்று சொல்வதில்லை, துரோகம் என்கிறார்.

தொல்லியலும் இதையே காட்டுகிறது. சினாய் பாலைவனத்தின் வடகிழக்கில் குந்திலெத் அஜ்ருத் என்ற இடத்தில் 1975-76இல் அகழாய்வு செய்தபோது, கி.மு. 800ஐ ஒட்டிய பெரிய மண்சாடிகள் கிடைத்தன. அவற்றில் எழுதியிருந்த ஆசி வாக்கியங்களில் "சமாரியாவின் யாவே, அவருடைய அசேரா" என்று இருவரையும் சேர்த்தே சொல்லியிருந்தார்கள். யாவே என்பவர் தமிழ் பைபிளில் கர்த்தர் என்று வருகிற இஸ்ரவேலின் கடவுள். அசேரா கானான் நாட்டுத் தேவியின் பெயர். சாடியில் குறிப்பது தேவியையா, தேவியின் அடையாளமாக நட்ட மரத்தையா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எதுவாக இருந்தாலும் கடவுள் அங்கே தனியாக இல்லை. அராத் என்ற ஊரில் யூதா ராஜ்ஜியத்தின் சொந்தக் கோட்டைக்குள்ளேயே ஒரு கோயில் இருந்தது. அதன் உள்ளறையில் நிறுத்திவைத்த கல், வாசலில் இரண்டு தூப பீடங்கள். அப்புறம், எகிப்தில் அஸ்வான் பக்கம் நைல் நதித் தீவான எலிஃபன்டைனில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் யூதப் படைவீரர்கள் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு கோயிலே இருந்தது. அங்கே கிடைத்த நன்கொடைப் பட்டியலில், தங்கள் கடவுளுக்கு இவ்வளவு என்று எழுதிய கையோடு அனாத்-பெத்தேல் என்ற தேவிக்கும் ஒரு தொகை எழுதியிருக்கிறார்கள்.

என்னை மிகவும் பாதித்தது இவை எதுவுமே இல்லை, எரேமியா நூலின் 44ஆம் அதிகாரம். கி.மு. 586இல் பாபிலோனியர் எருசலேமை எரித்துத் தரைமட்டமாக்கிய பிறகு ஒரு கூட்டம் எகிப்துக்கு ஓடிப்போகிறது. எரேமியாவும் அவர்களோடு போகிறார். அந்நிய தெய்வங்களுக்குத் தூபம் போட்டதால்தான் இந்தக் கதி வந்தது என்று அவர்களைக் கடிந்துகொள்கிறார். அங்கிருந்த பெண்களும் அவர்கள் கணவன்மார்களும் தலைகுனிந்து நிற்கவில்லை, பதில் சொல்கிறார்கள். வானராக்கினிக்குத் தூபம் காட்டி, பானபலி வார்த்து, அவள் உருவம் வைத்த பணியாரம் சுட்டுப் படைத்த காலத்தில் எங்களுக்கு வயிறார அப்பம் இருந்தது; அதை நிறுத்திய நாள்முதல்தான் எல்லாம் குறைந்துபோனது, பட்டயத்தாலும் பஞ்சத்தாலும் சாகிறோம் என்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. கி.மு. 622இல் யோசியா ராஜா நாடு முழுக்கப் பிற வழிபாடுகளை ஒழித்தார். 609இல் அவரே மெகிதோவில் கொல்லப்பட்டார். அதற்கப்புறம் நாட்டுக்கு விடிவே இல்லை. ஒரே இடிபாட்டைப் பார்த்து இரண்டு தரப்பும் நேரெதிர் முடிவுக்கு வந்தன. வேதத்தைத் தொகுத்தவர்கள் எரேமியாவின் பக்கம். ஆனாலும் அந்தப் பெண்களின் பேச்சை வெட்டி எறியாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். அந்தத் தொகுப்பாளர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது இந்த இடத்தில்தான்.

வென்றது எரேமியாவின் வாதம். அது எப்படி வென்றது என்பது யோசிக்க வேண்டிய விஷயம். அந்தக் கால வழக்கப்படி நகரம் விழுந்தால் அதன் தெய்வமும் தோற்றது என்று பொருள். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோனவர்களிடையே ஏசாயா நூலின் பிற்பகுதியைப் பாடியவர் இதைத் தலைகீழாக்கினார்: பாபிலோனையும் ஆட்டுவிப்பது எங்கள் கடவுள்தான், ஒளியைப் படைப்பவரும் இருளை உண்டாக்குபவரும் அவரே, அவரைத் தவிர வேறொருவர் இல்லை. 'உனக்கு இருக்கக் கூடாது' என்பது 'இல்லவே இல்லை' என்று மாறியது இங்கேதான். தோற்றுப்போன ஒரு சின்ன ஜனம், தோல்வியையே சாட்சியாக வைத்து இதைச் சொன்னது. யெகெஸ்கேல் காஃப்மன் போன்ற அறிஞர்கள் இதை ஏற்பதில்லை. இஸ்ரவேலில் ஏகத்துவம் தொடக்கத்திலேயே முழுதாக இருந்தது என்று 20ஆம் நூற்றாண்டில் பெரிய வாதமே நடத்தினார் அவர். அந்தச் சாடிகளையும் யெப்தாவின் பேச்சையும் வைத்துப் பார்த்தால் எனக்கு அது சரியாகப் படவில்லை.

இதே ஏசாயாதான் சிலைகளைக் கிண்டல் செய்கிற புகழ்பெற்ற பகுதியையும் எழுதினார். ஒருவன் மரத்தை வெட்டுகிறான், பாதியை எரித்துக் குளிர்காய்ந்து அப்பம் சுடுகிறான், மீதியைச் செதுக்கிக் கும்பிட்டு 'என்னைக் காப்பாற்று' என்கிறான். படிக்க அருமையாக இருக்கும். ஆனால் பாபிலோனியருக்கு அது நியாயம் செய்யவில்லை. அவர்களிடம் 'வாய் கழுவுதல்' என்று ஒரு சடங்கு இருந்தது. சிலை முடிந்ததும் அதைச் செய்த தச்சர்களின் கையைக் கட்டி, டாமரிஸ்க் என்ற பாலைமரத்தில் செய்த கத்தியால் வெட்டுவதுபோலப் பாவனை செய்வார்கள். 'நான் இதைச் செய்யவில்லை, தச்சர்களின் தெய்வம் செய்தது' என்று அவர்கள் சத்தியம் செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் தெய்வம் அதில் குடியேறும். மரத்துண்டையே கடவுள் என்று நம்புகிற முட்டாள்கள் அங்கே யாரும் இல்லை. பின்னால் வந்த யூதச் சிந்தனையாளர்களில் மிகப் பெரியவர் இதைப் புரிந்துகொண்டார். அவரிடம் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பதிலில் நான் சொல்ல வருவதே அதுதான். சிலை வழிபாட்டைப் பற்றிய யூதர்களின் பயம் பக்கத்து நாட்டுச் சிலைகளைப் பார்த்து வந்ததைவிட, தங்கள் வீட்டுப் புனிதப் பொருட்களைப் பார்த்து வந்தது அதிகம்.

வெண்கலச் சர்ப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாலைவனத்தில் பாம்புக்கடியால் ஜனங்கள் சாகும்போது, கடவுள் சொல்லி, எகிப்திலிருந்து அவர்களை நடத்திவந்த மோசே தன் கையால் செய்து கம்பத்தில் தூக்கிவைத்த பாம்பு அது. அதைவிடப் புனிதமான பூர்வீகம் எந்தப் பொருளுக்கு இருக்க முடியும்? நூற்றாண்டுகள் கழித்து மக்கள் அதற்குத் தூபம் போடுகிறார்கள் என்று எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டார். வேதம் அதற்காக அவரைப் பாராட்டுகிறது. பொன் கன்றுக்குட்டி கதையும் இப்படித்தான். கன்றைச் செய்து முடித்ததும் மோசேயின் அண்ணன் ஆரோன் என்ன அறிவிக்கிறார்? 'நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை' என்கிறார். வேறொரு தெய்வத்துக்கு இல்லை, அவர்களுடைய அதே கர்த்தருக்கு. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த கவிஞர் யூதா ஹலேவி தன்னுடைய 'குசாரி' நூலில் இதை எடுத்துப் பேசுகிறார். அந்த ஜனங்கள் தங்களை எகிப்திலிருந்து கொண்டுவந்த கடவுளை விடவில்லை. மலையேறிய மோசே வரவில்லை, கண்ணுக்கு முன்னால் எதையாவது வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். அவர்கள் குற்றம், கட்டளை இல்லாமல் தாங்களாக ஓர் உருவத்தைச் செய்துகொண்டது என்கிறார். கட்டளைகள் எழுதிய கற்பலகைகளை வைத்த உடன்படிக்கைப் பெட்டியின் மேலே இரண்டு பொன் கேருபீன்கள், சிறகு விரித்த உருவங்கள், கோயிலின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள்ளேயே இருந்தனவே என்று கேட்டால், அவை கட்டளைப்படி செய்தவை என்பது அவர் பதில். ஆக அவர் பார்வையில் உருவம் கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. யார் சொல்லிச் செய்தாய் என்பதுதான் கேள்வி.

பாபிலோனியர் அழித்த கோயிலுக்குப் பதிலாகப் பிறகு கட்டிய இரண்டாம் கோயிலின் காலத்தில் அந்தப் பெட்டியும் இல்லை, கேருபீன்களும் இல்லை. கி.மு. 63இல் ரோமானியத் தளபதி பாம்ப்பி (Pompey) எருசலேமைப் பிடித்து, தலைமைக் குரு மட்டும் ஆண்டுக்கொருமுறை நுழைகிற அந்த உள்ளறைக்குள் போய்ப் பார்த்தார். தெய்வ உருவம் எதுவும் இல்லாத வெற்றறை என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். ரோமானியர்களுக்கு அது புரியவே இல்லை.

ரோமானியர் அந்தக் கோயிலையும் அழித்த பிறகு பொறுப்பு ரபிகளிடம், அதாவது யூதச் சட்ட ஆசான்களிடம், வந்தது. இவர்கள் வாழ்ந்தது ரோமானிய நகரங்களில். தெருவுக்குத் தெரு சிலை. விலகி ஓடவும் முடியாது. கி.பி. 200 வாக்கில் தொகுத்த மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பில் இதற்கென்றே 'அவோதா ஸாரா' (அந்நிய வழிபாடு) என்று ஒரு தனிப் பகுதி இருக்கிறது. அதில் ஒரு காட்சி. ஆக்ரே நகரத்தில் அஃப்ரொடைட்டி தேவியின் சிலை இருந்த குளியல் மண்டபத்தில் ரப்பான் கமாலியேல் குளித்துக்கொண்டிருக்கிறார். புரோக்லஸ் என்பவர், உங்கள் தோராவில் (மோசேயின் சட்டத்தில்) இதெல்லாம் ஆகாது என்று இருக்கிறதே, நீங்கள் எப்படி இங்கே குளிக்கிறீர்கள் என்று மடக்குகிறார். குளிக்கிற இடத்தில் வேதப் பேச்சுக்குப் பதில் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டு, வெளியே வந்ததும் கமாலியேல் சொல்கிறார்: "அவள் எல்லைக்குள் நான் வரவில்லை, என் எல்லைக்குள் அவள் வந்தாள். அஃப்ரொடைட்டிக்கு அலங்காரமாக இருக்கட்டும் என்று யாரும் குளியல் மண்டபம் கட்டுவதில்லை. மண்டபத்துக்கு அலங்காரமாக அவளை வைக்கிறார்கள்." அதோடு நிற்கவில்லை. எவ்வளவு பணம் கொடுத்தாலும் உன் தெய்வத்தின் முன்னால் அம்மணமாகப் போய்ச் சிறுநீர் கழிப்பாயா, இவள் சாக்கடை வாயில் நிற்கிறாள், எல்லோரும் இவள் முன்னால்தான் கழிக்கிறார்கள் என்கிறார். தெய்வமாக நடத்தினால்தான் அது தெய்வச்சிலை, இல்லாவிட்டால் வெறும் கல் என்பது இதிலிருந்து வருகிற சட்டம். அதை ஒட்டி இன்னொரு விதியும் உண்டு: யூதரல்லாதவர் தன் சிலையின் காது நுனியையோ மூக்கு நுனியையோ விரல் நுனியையோ உடைத்துவிட்டால் அது தெய்வத்தன்மை இழந்த பொருளாகிவிடும், அப்புறம் அதைப் பயன்படுத்தலாம். யூதர் செய்து வணங்கிய சிலைக்கு மட்டும் இந்த விடுதலை எப்போதும் கிடையாது. கண்டிப்பு யார்மேல் அதிகம் என்று பாருங்கள்.

மிஷ்னாவை விரித்துப் பேசும் தல்மூத் என்ற பெருந்தொகுப்பில் இரண்டு கதைகள் இதற்குப் பக்கத்திலேயே வைத்துப் படிக்க வேண்டியவை. பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள், எங்கள் கோயிலை அழித்தது இந்தச் சிலை ஆசைதான், அதை எங்கள் கையில் பிடித்துக் கொடும் என்று மூன்று நாள் உபவாசம் இருந்து வேண்டுகிறார்கள். உடனே நெருப்பாலான ஒரு சிங்கக்குட்டி வெளியே வருகிறது. எங்கேயிருந்து? மகா பரிசுத்த ஸ்தலத்திலிருந்து! அதைப் பிடித்து ஈயப் பாத்திரத்தில் போட்டு ஈயத்தாலேயே மூடுகிறார்கள். சிலை ஆசை பிறக்கிற இடம் எது என்று அந்தக் கதை சொல்வதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. இன்னொன்று பாபிலோனிய ரபியான ரவ் ஆஷியின் கனவு. எருசலேமிலேயே சிலைகள் வைத்த மனாசே ராஜாவை அவர் வகுப்பில், நாளைக்கு நம் சகாவைப் பற்றிப் படிக்கலாம் என்று இளப்பமாகச் சொல்லிவிட்டுத் தூங்குகிறார். மனாசே கனவில் வந்து அப்பத்தை எந்தப் பக்கமிருந்து வெட்ட வேண்டும் என்று ஒரு சட்டக் கேள்வி கேட்கிறார். ரவ் ஆஷிக்குத் தெரியவில்லை. மனாசேயே விடை சொல்கிறார். இவ்வளவு தெரிந்த நீங்கள் ஏன் சிலையை வணங்கினீர்கள் என்று ரவ் ஆஷி கேட்கிறார். "நீ அந்தக் காலத்தில் இருந்திருந்தால் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே ஓடி வந்திருப்பாய்" என்கிறார் மனாசே.

இந்த ரபிகளின் காலத்திலும் அதற்குப் பிறகும் யூத ஜெப ஆலயங்கள் வெறும் சுவராக இருந்தன என்று நினைத்துவிட வேண்டாம். சிரியாவின் தூரா யூரோப்போஸ் ஆலயத்தில் கி.பி. 245ஐ ஒட்டி நான்கு சுவரிலும் வேதக் கதைகளை ஆட்களோடு வரைந்திருக்கிறார்கள். இஸ்ரேலில் பெத் அல்ஃபா ஆலயத்தின் 6ஆம் நூற்றாண்டுத் தரையில் பன்னிரண்டு ராசிகளும் நடுவில் ரதமேறிய சூரியனும் இருக்கிறார்கள். கும்பிடாத படம் படம்தான்.

சரி, இப்போது மைமோனிடிஸ். 1138இல் ஸ்பெயினின் கொர்தோபாவில் பிறந்து, 1204இல் எகிப்தில் இறந்தவர். மருத்துவர், சட்ட அறிஞர், தத்துவவாதி. அவருடைய சட்டத் தொகுப்பில் சிலை வழிபாடு பற்றிய பகுதி ஒரு கதையோடு தொடங்குகிறது. ஆதாமின் பேரன் ஏனோஸ் காலத்து மனிதர்கள் இப்படி யோசித்தார்களாம்: கடவுள் நட்சத்திரங்களை உயரத்தில் வைத்து, உலகத்தை நடத்தும் பொறுப்பைக் கொடுத்து, மேன்மைப்படுத்தியிருக்கிறார். ராஜா தன் மந்திரிகளுக்கு மரியாதை செய்வதை விரும்புவார் இல்லையா, அது ராஜாவுக்கே செய்த மரியாதைதானே? ஆகவே நட்சத்திரங்களை வணங்குவோம். கோயில் கட்டினார்கள், பலியிட்டார்கள், எல்லாம் கடவுளின் பிரியத்தைப் பெறத்தான். அப்புறம் சிலர் எழுந்து, கடவுளே எங்களுக்கு இதைக் கட்டளையிட்டார் என்றார்கள், உருவங்கள் வந்தன, பூசாரிகள் வந்தார்கள், காலம் போகப் போகச் சாமானியர்களுக்கு மரமும் கல்லும்தான் தெரிந்தன, படித்தவர்களுக்கு நட்சத்திரங்கள்தான் தெரிந்தன, படைத்தவரை நினைக்க விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே மிஞ்சினார்கள். ஆபிரகாம் வந்தது அந்த உலகத்தில். யாரும் சொல்லித் தராமல் தானே யோசித்து யோசித்து 40 வயதில் அவர் படைத்தவரைக் கண்டுகொண்டார் என்கிறார் மைமோனிடிஸ். (இல்லை, 3 வயதில் என்று பக்கத்திலேயே ஒரு மறுப்புக் குறிப்பு எழுதியிருக்கிறார் பிரோவன்ஸ் நாட்டு ரபி ஆபிரகாம் பென் தாவீது.)

இந்தக் கதையில் கெட்டவன் யாருமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பக்தியில்தான் தொடங்குகிறது. தன்னுடைய 'தடுமாறுவோருக்கு வழிகாட்டி' நூலில் இன்னும் தெளிவாகச் சொல்கிறார்: உலோகத்திலோ கல்லிலோ மரத்திலோ தான் செய்த உருவம் வானத்தையும் பூமியையும் படைத்தது என்று எந்த விக்கிரக பக்தனும் ஒருநாளும் நினைத்ததில்லை, கடவுளுக்கும் நமக்கும் இடையில் நிற்பதன் அடையாளமாகவே அதை வணங்கினார்கள். ஏசாயாவின் கிண்டலிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டார்! எதிராளி முட்டாள் இல்லை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் வாதம் கனமாகிறது. இடையில் நிற்பவர்களுக்கு வழிபாடு போகக் கூடாது, அவ்வளவுதான். தேவதூதருக்கும் கூடாது, மோசேக்கும் கூடாது.

இங்கே அவர் நிறுத்திக்கொண்டிருந்தால் யாரும் சண்டைக்கு வந்திருக்க மாட்டார்கள். கடவுளுக்குக் கை, கண், சிம்மாசனம் உண்டு என்று உண்மையாகவே நம்புகிறவன் விக்கிரக பக்தனைவிட மோசம் என்றார். வேதத்தில் 'கர்த்தருடைய கரம்' என்று நூறு இடத்தில் வருகிறதே? அதெல்லாம் மனிதருக்குப் புரிய வேண்டுமே என்று சொன்ன பேச்சு என்றார். கல்லில் செதுக்கினால் மட்டும்தானா சிலை? மனத்துக்குள் செதுக்கி வைத்துக் கும்பிட்டாலும் சிலைதான். உடல் உள்ள கடவுளை நம்புகிறவனை மதவிரோதிகள் பட்டியலிலேயே சேர்த்தார். அதே ஆபிரகாம் பென் தாவீது கொதித்துப்போனார்: ஏன் அவனை மதவிரோதி என்கிறார்? இவரைவிடப் பெரியவர்களும் நல்லவர்களும் வேத வரிகளைப் படித்து அப்படித்தானே நம்பினார்கள்? எனக்கு இரண்டு பேர் பக்கமும் மனம் போகிறது. மைமோனிடிஸ் சொல்வதில் ஓட்டையே இல்லை. ஆனால் 'அப்பா, பாரும்' என்று கூப்பிடுகிற ஒரு கிழவியை மதத்துக்கு வெளியே நிறுத்துகிற தத்துவம் அது. மைமோனிடிஸோ விடவில்லை. கடவுளைப் பற்றி இன்னது இல்லை, இன்னது இல்லை என்றுதான் சொல்ல முடியும், இன்னது என்று சொல்ல முடியாது என்றுவரை போனார்.

அவருக்குப் பிறகு வந்த கபாலா என்ற யூத மறைஞான மரபு நேர் எதிர்த்திசையில் போனது. எட்டாத பரம்பொருளிலிருந்து வெளிப்படுகிற பத்து செஃபிரோத்துகள், அவற்றுக்குள் ஆண் பெண் என்ற பேச்சு, எந்த ஜெபத்தில் எதை நோக்கி மனத்தை வைக்க வேண்டும் என்ற பயிற்சி. கிறிஸ்தவர்களாவது மூன்று என்கிறார்கள், இவர்கள் பத்து என்கிறார்களே என்று அந்தக் காலத்திலேயே தத்துவவாதிகள் கேலி செய்ததை ரபி ஐசக் பார் ஷேஷெத் 14ஆம் நூற்றாண்டில் பதிவு செய்திருக்கிறார். கபாலாக்காரர்கள் அசரவில்லை. இவை தனித்தனித் தெய்வங்கள் இல்லை, ஒன்றின் வெளிப்பாடுகள் என்றார்கள். காலப்போக்கில் ஜெபப் புத்தகத்துக்குள்ளேயே கபாலா நுழைந்துவிட்டது.

கன்றுக்குட்டியிலிருந்து தொடங்கிய தன்மேல் சந்தேகம் அண்மைக் காலம்வரை நிற்கவில்லை. லாட்வியாவின் த்வின்ஸ்க் ஊரில் இருந்த ரபி மேயர் சிம்ஹா (1843-1926), கன்றைப் பார்த்ததும் மோசே ஏன் கடவுள் கையால் செய்த கட்டளைக் கற்பலகைகளை உடைத்தார் என்று கேட்கிறார். கோபத்தில் என்று நாமெல்லாம் நினைக்கிறோம். இவர் சொல்கிறார்: முழுப் பலகைகளோடு இறங்கிப் போயிருந்தால், கன்றை விட்டுவிட்டுப் பலகையைக் கும்பிடத் தொடங்கியிருப்பார்கள். படைப்பில் எந்தப் பொருளுக்கும் தானாகப் புனிதம் கிடையாது. அதனால்தான் கடவுள் செய்த பலகைகள் உடைந்தன, மோசே செதுக்கிய பலகைகள் முழுசாக இருந்தன. இரண்டையும் ஒரே பெட்டியில்தான் வைத்தார்கள். எருசலேமில் பேராசிரியராக இருந்த யெஷாயாஹு லெய்போவிட்ஸ் (1903-1994) இதை இன்றைய அரசியலுக்கே கொண்டுவந்தார். கட்டளைகளை ஒன்றுவிடாமல் கைக்கொண்ட வைதீக யூதர் அவர். 1967 போருக்குப் பின், அழிந்த கோயில் வளாகத்தின் மிச்சமான மேற்குச் சுவரைச் சுற்றி எழுந்த உணர்ச்சிப் பெருக்கையும், மண்ணையும் அரசையும் ராணுவத்தையும் புனிதமாக்குவதையும் விக்கிரக ஆராதனை என்றே எழுதினார். நாட்டில் பாதிப்பேர் அவரைத் திட்டினார்கள். உக்ரைனில் உமான் நகரத்தில் ஹசிதிய குருவான ரபி நாஹ்மன் கல்லறைக்கு ஆண்டுதோறும் யூதப் புத்தாண்டில் பல்லாயிரம் பேர் போகிறார்கள். நல்லவர் கல்லறையில் ஜெபிக்கலாம், ஆனால் இறந்தவரிடம் கேட்கக் கூடாது, அவர் புண்ணியத்தை முன்னிட்டு இரங்கும் என்று கடவுளிடம்தான் கேட்க வேண்டும் என்று மிஷ்னா பெரூரா என்ற சட்ட நூல் சொல்கிறது. எங்களுக்காகப் பேசுங்கள் என்று அவரிடமே கேட்கலாம் என்கிற ரபிகளும் உண்டு.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. மற்றவர்களைப் பொறுத்தவரை, சிலை வழிபாட்டை விலக்குவது நோவாவின் சந்ததி முழுவதுக்கும், அதாவது மனிதர் எல்லோருக்கும் உரிய ஏழு விதிகளில் ஒன்று என்பது ரபிகளின் மரபு. அதனால் யார் விக்கிரக பக்தர் என்ற கேள்வி சட்டத்தில் வந்துகொண்டே இருக்கும். மைமோனிடிஸின் குடும்பம் அல்மொஹாத் முஸ்லிம்களின் கொடுமையால் ஊரைவிட்டே போனது. ஆனாலும் முஸ்லிம்கள் விக்கிரக பக்தர்கள் இல்லை, கடவுளின் ஒருமையை அப்பழுக்கில்லாமல் ஏற்பவர்கள் என்று எழுதினார். கிறிஸ்தவர்களை அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பெர்பிஞ்ஞான் நகரத்து ரபி மெனாஹேம் மெய்ரி, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், வேறொரு அளவுகோலைக் கொண்டுவந்தார்: மதத்தின் ஒழுக்க நெறிகளுக்குக் கட்டுப்பட்டு வாழ்கிற மக்கள் யாராக இருந்தாலும் தல்மூத் பேசும் பழைய விக்கிரக பக்தர்களோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. கொள்கையைப் பார்க்காதே, வாழ்க்கையைப் பார் என்கிறார்.

நம் பக்கத்துக்கு இது நேரடியாகவே வந்து சேர்ந்தது 2004இல், திருப்பதி மொட்டை வழியாக. வைதீக யூதக் குடும்பங்களில் மணமான பெண்கள் தலைமுடியை மறைக்க வேண்டும். பலர் விக் வைத்துக்கொள்கிறார்கள். விக் செய்யும் முடியில் நிறைய இந்தியாவிலிருந்து போவது, அதில் திருமலையில் இறக்கும் முடியும் உண்டு. அந்நிய தெய்வத்துக்குப் படைத்த பொருளாக இருந்தால் அதிலிருந்து யூதர் எந்தப் பலனும் அடையக் கூடாது, விற்கவும் கூடாது. எருசலேமின் மூத்த சட்ட அறிஞர் ரபி யோசெஃப் ஷாலோம் எல்யாஷிவ் முன்பு ஒருமுறை இதை அனுமதித்திருந்தார். முடி இறக்குவது கோயிலுக்கு வெளியே கல்யாணகட்டாவில்தானே, முடியைச் சாமிக்கு முன்னால் கொண்டுபோவதில்லையே என்ற தகவல் அப்போது அவருக்குக் கிடைத்திருந்தது. 2004இல் லண்டனிலிருந்து ஒரு ரபி நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து, பக்தர்கள் அதைக் காணிக்கையாகவே நினைக்கிறார்கள் என்றார். கூடாது என்று தீர்ப்பு மாறியது. நியூயார்க்கின் புரூக்ளினிலும் இஸ்ரேலின் ப்னெய் ப்ராக்கிலும் தெருவில் விக்குகளைப் போட்டு எரித்தார்கள். வாதங்களைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். மழிக்கிறவர் கூலிக்குச் செய்கிறாரா, பூஜையாகச் செய்கிறாரா? யாருடைய எண்ணம் கணக்கு, அவருடையதா பக்தருடையதா? மொட்டை என்பது முடியைக் கொடுப்பதா, அழகின் கர்வத்தை விடுவதா? முடி காணிக்கை செலுத்திய யாரிடமாவது இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டால் இரண்டும்தான் என்று சொல்வார்கள். அந்தப் பதில் எந்தச் சட்டக் கட்டத்துக்குள்ளும் அடங்காது.

நான்கு ஆண்டு கழித்து 2008இல் எருசலேமில் நடந்த இந்து-யூதத் தலைவர்கள் சந்திப்பில் வேறு குரல் கேட்டது. இந்துக்கள் தரப்பின் முக்கியமான முகம் சுவாமி தயானந்த சரஸ்வதி, திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் பிறந்தவர், கோவை ஆனைக்கட்டியில் குருகுலம் நடத்தியவர். எதிர்ப்பக்கம் இஸ்ரேலின் தலைமை ரபி யோனா மெட்ஸ்கர். இந்துக்கள் அருவமாகவும் உருவமாகவும் வணங்கி வருவது ஒரே பரம்பொருளைத்தான், அதனால் அவர்கள் பல தெய்வங்களையும் விக்கிரகங்களையும் வணங்குகிறவர்கள் என்று ஆகாது என்று கூட்டு அறிக்கை வந்தது. எல்லா ரபிகளையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு இல்லை அது. விக் தடையும் அதனால் நீங்கவில்லை.

யூத நண்பர் ஒருவரிடம் இதைப் பேச நேர்ந்தால் நம்மில் பலர் எடுத்தவுடன் சொல்வது, நாங்களும் கல்லைக் கடவுள் என்று நினைப்பதில்லை என்பதுதான். மைமோனிடிஸ் வழி வந்தவரிடம் அது எடுபடாது. எண்ணூறு ஆண்டுக்கு முன்பே அவர் அதை ஒப்புக்கொண்டுவிட்டார், அவருடைய ஆட்சேபமே அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. அவரிடம் பேச வேண்டியது, வழிபாடு போய்ச் சேருவது யாருக்கு, இடையில் யாராவது நிற்கிறார்களா என்பதைப் பற்றி. நம் மரபுக்குள்ளேயே அதற்கு ஒரே பதில் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மெய்ரியைப் படித்தவராக இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். உங்கள் ஊரில் பொய்சாட்சி சொன்னால் என்ன ஆகும், எடைக்கல்லில் ஏமாற்றுகிறவனை எப்படி நடத்துவீர்கள் என்று அவர் விசாரிக்கக்கூடும்.